ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டு

பனிச்சங்கேணியில் ஒருவர் இன்று எந்தப் பாட்டைக் கேட்கிறார் என்பதில் அவருடைய ரசனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அதேயளவு பங்கு அவர் போட்டிருக்கும் டேட்டா கார்டுக்கும் உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் யூடியூப்புக்கு ஒரு பொதி, டிக்டொக்குக்கு ஒரு பொதி, வட்ஸ்அப்புக்கு ஒரு பொதி என்று விற்கின்றன. இறால் பட்ட நாளில் பெரிய பொதி, படாத நாளில் சின்னப் பொதி. பொதி எந்தச் செயலிக்கு உரியதோ, அந்தச் செயலி எடுத்துத் தருவதே அன்றைய பாட்டு. மாதச் சந்தா கட்டி ஸ்பொட்டிஃபையில் கேட்கிறவர்களைக் கொழும்பில் தேடலாம். வாழைச்சேனை தாண்டி, மாங்கேணிக்கும் வாகரைக்கும் நடுவே, களப்பு கடலோடு சேரும் இந்த இடத்தில் பாட்டுக் கேட்பது என்றால் யூடியூப், டிக்டொக், வட்ஸ்அப்பில் வந்து விழும் துண்டுகள், திருகோணமலை வீதியில் ஓடும் பஸ்ஸில் போடுவது, கோயில் திருவிழா ஒலிபெருக்கி. பெரும்பாலும் அவ்வளவுதான்.

இப்படிச் செயலி வழியே இணையத்தில் கேட்கும் ஸ்ட்ரீமிங் பழக்கம்தான் உலக இசைத்தொழிலைத் தூக்கி நிறுத்தியது. 1999 இல் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்தபின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சரிந்துகொண்டே போன தொழில் அது. 2024 இல் உலகெங்கும் ஒலிப்பதிவுகள் ஈட்டிய வருவாய் 29.6 பில்லியன் டொலர் என்றும் அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங் வழி வந்தது என்றும் சர்வதேச ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பு கணக்குக் காட்டுகிறது. களப்போரத்தில் இருந்து ஃபோனில் பாட்டுக் கேட்பவரும் இந்தக் கணக்குக்குள் ஒரு துளியாக இருக்கிறார். அவர் ஊரின் பாட்டு அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பழக்கம் பாடுகிறவருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. பாட்டின் வகைகளுக்கு அப்படித் திறக்கவில்லை. எத்தனை தடவை கேட்டார்கள் என்பதை எண்ணித்தான் தொழில் காசு கொடுக்கிறது. யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்பவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. எங்கள் பகுதிப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் உயிர் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கேட்கிறவர்களின் பழக்கம் தொழிலை வளைப்பது இன்று தொடங்கிய கதையன்று. இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. தமிழ் உலகத்தின் காதை அது பிடித்தது 1950களில். இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952 இல் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். நேயர்கள் அவரோடு வாதாடவில்லை. வானொலியின் குமிழைத் திருப்பி இலங்கைக்கு வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் வீட்டுக் குரலாயிற்று. பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்த வரிசை நீண்டது. போன நேயர்களைத் திரும்பப் பிடிக்க இந்திய அரசு 1957 ஒக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கவேண்டி வந்தது. ஓர் அமைச்சரின் பிடிவாதத்தை ஐந்தே ஆண்டில் சாதாரணச் சனங்களின் காது தோற்கடித்திருக்கிறது. கேட்கிறவன் வெறும் நுகர்வோன், தருவதை வாங்கிக்கொள்பவன் என்று சொல்லுகிறவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அந்த வானொலி, நேயரோடு வைத்திருந்த உறவு தபால் அட்டையில் இருந்தது. நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்கு எழுதுகிறவர் பாட்டின் பெயரை எழுதுவார், தன் பெயரை எழுதுவார், ஊரின் பெயரை எழுதுவார். அறிவிப்பாளர் மூன்றையும் வாசிப்பார். கொழும்பில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு எந்த ஊர் எந்தப் பாட்டை விரும்புகிறது என்ற அறிவு அட்டை அட்டையாகச் சேர்ந்தது. கேட்கிறவருக்கோ, தன் பாட்டை நாடு முழுவதும் தன்னோடு சேர்ந்து கேட்கிறது என்ற நிறைவு. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி போகும்போது பக்கத்து வீட்டிலும் அதே பாட்டுத்தான் போகும். படலைக்கு வெளியே நடந்தாலும் பாட்டு அறுந்துபோகாது. இன்று செயலியும் நேயரைப் பற்றி அறிகிறது. அந்த அட்டை அறிந்ததைவிடப் பல மடங்கு நுணுக்கமாகவே அறிகிறது. ஆனால் அந்த அறிவு ஊருக்குத் திரும்பி வருவதில்லை. பனிச்சங்கேணியில் இந்த மாதம் அதிகம் கேட்கப்பட்ட பாட்டு எது என்று பனிச்சங்கேணியில் ஒருவருக்கும் தெரியாது.

வானொலிக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வதோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. ஊரின் பெயர் காற்றில் வந்தது. ஊரின் குரல் வந்தது அரிது. நேயர் விருப்பத்தில் வந்தவை பெரும்பாலும் சென்னைச் சினிமாப் பாட்டுகள். இலங்கைத் தமிழ்ப் பாட்டு என்று ஒன்று தலைநிமிர்ந்தது 1970களை ஒட்டித்தான். எஸ்.கே. பரராஜசிங்கம், வி. முத்தழகு, கலாவதி சின்னச்சாமி போன்றோர் பாடிய மெல்லிசைப் பாடல்கள் வானொலியில் ஒலித்தன. எங்கள் கிழக்குக் கவிஞர் நீலாவணனின் பாட்டும் மெல்லிசையானது. மறுபக்கம் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று பொப் பாட்டு எழுந்து இந்தியாவரை போனது. அந்த ஓட்டம் தொடர்ந்திருந்தால் இலங்கைத் தமிழருக்கென ஓர் இசைத்தொழில் உருவாகியிருக்கக்கூடும். தொடரவில்லை. மெல்லிசைப் பாடல்களில் பல விற்பனைக்கு வராமல் ஒலிநாடாவிலேயே தங்கின. பாடகருக்குக் கிடைத்தது சன்மானம். விற்பனையில் பங்கு என்ற பேச்சு எழவேண்டுமானால் முதலில் விற்பனை இருக்கவேண்டுமே.

பிறகு கசெற் வந்தது. பட்டினங்களில் ரெக்கோடிங் பார் திறந்தார்கள். அப்பியாசக் கொப்பித் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, வெற்றுக் கசெற்றோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடமா தொண்ணூறு நிமிடமா, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, பக்கம் முடியும் இடத்தில் பாட்டு அறுந்துவிடாமல் எதை வைப்பது என்பதெல்லாம் கேட்கிறவரே முடிவு செய்தார். இன்று செயலி தானே தொடுத்துத் தரும் பாட்டு வரிசையின் வேலையை அன்று ஒரு கொப்பித் தாள் செய்தது, முழுக்க மனித மனத்தோடு. அந்தக் கடைகளில் செலவழிந்த காசில் ஒரு சதமாவது பாட்டை எழுதியவருக்கோ பாடியவருக்கோ போனதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத இடங்களில் பற்றரியிலும் சைக்கிள் டைனமோவிலும் பாட்டு ஓடியது. இயக்கப் பாடல்கள் கசெற்றாகக் கைமாறின. அதுவும் சந்தைக்கு வெளியே நடந்த காரியம். 1998 இல் சூரியன், சக்தி என்று தனியார் எஃப்.எம். வானொலிகள் வந்து தொலைபேசி அழைப்பை வானலையில் ஏற்றின. பேச்சு எங்களுடையதாக இருந்தது, பாட்டு மறுபடியும் சென்னையினுடையதாகவே இருந்தது. அதன்பின் சில காலம் கொமினிகேஷன் கடைகளில் மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். இந்த வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங் வந்து எங்கள் இசைத்தொழிலைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். கெடுக்க ஒரு தொழில் இங்கே இருக்கவில்லை. சன்மானம், நன்கொடை, நகல் என்ற மூன்றில்தான் ஈழத்துத் தமிழ்ப் பாட்டு இத்தனை காலமும் வாழ்ந்தது.

அதனால் புதிய பழக்கத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு காலத்தில் பாட்டுப் பதிவதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும், குரல் தேர்வில் நிற்கவேண்டும், அங்கே இருப்பவர்களின் காதுக்குப் பிடிக்கவேண்டும். வாகரையிலிருந்து கொழும்புக்குப் போவது போர்க்காலத்தில் எப்படிப்பட்ட பயணம் என்பது இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்று ஒரு ஃபோனும் ஒரு சின்ன மைக்கும் போதும். கூத்துக் களரி முழுவதையும் விடியவிடியப் பதிந்து யூடியூப்பில் ஏற்றுகிறார்கள். அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊரவரின் வீட்டுக்குப் போகின்றன. ஊரில் மருமகன் கட்டிய வேடத்தை அங்கே இருக்கும் மாமி பார்க்கிறார். இந்த ஒன்றுக்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை நான் வரவேற்பேன்.

இன்னொரு நன்மை, வாசலில் நின்ற காவற்காரரின் வலு குறைந்தது. 2021 இல் யோஹானி பாடிய 'மனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு, மொழி விளங்காத இந்தியாவில் மூலைமுடுக்கெல்லாம் பாடப்பட்டது. கொழும்பு வானொலியோ மும்பைப் படக்கம்பனியோ தூக்கிவிட்டதால் அது நடக்கவில்லை. கேட்டவர்களே அதைத் தங்கள் சின்னக் காணொளிகளில் வைத்து வைத்துப் பரப்பினார்கள். ஓர் இலங்கைப் பாட்டுக்கு இது நடக்கும் என்றால் தமிழ்ப் பாட்டுக்கும் நடக்கும். நடக்கலாம் என்ற எண்ணமே எங்கள் பிள்ளைகளைப் பாட வைக்கிறது. ஆனாலும் ஓர் ஈழத்துப் பிள்ளையின் குரலை ஈழத்து வீடுகளே கொண்டாட வேண்டுமென்றால், அந்தப் பிள்ளை இன்றைக்கும் சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியில் மேடையேறவேண்டியிருக்கிறது. கேட்கும் கருவி மாறிய வேகத்தில் கேட்கும் மனம் மாறவில்லை.

மட்டக்களப்பில் சந்தைக்கு வெளியே நன்றாக இயங்கும் ஓர் இசைப் பொருளாதாரம் உண்டு. கோயிலுக்கு இறுவட்டு வெளியிடுவதைச் சொல்கிறேன். நிர்வாகம் பாட்டு எழுதுவிக்கும், வெளிநாட்டில் உள்ள ஊரவர் ஒருவர் செலவை ஏற்பார், திருவிழாவில் வெளியீடு நடக்கும், முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் வரிசையாக வாங்குவார்கள். இன்று எத்தனை வீட்டில் இறுவட்டுப் போட்டுக் கேட்கும் கருவி இருக்கிறது? இருந்தும் வெளியீடு நிற்கவில்லை. பாட்டு யூடியூப்பில் ஏறுகிறது, இறுவட்டு சாமியறையில் இருக்கிறது. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதன் பொருளாதாரத்தைக் கவனிக்கவில்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கையில் காசு வருகிறது, எத்தனை பேர் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. உலகப் பெருநிறுவனங்கள் தர முடியாத உறுதியை ஒரு கோயில் நிர்வாகம் தருகிறது. குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. காசு தருபவரின் விருப்பம் பாட்டின் விருப்பமாகிவிடும். புகழ்பெற்ற இந்தியப் பாடகரைப் பாடவைக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் செலவில் பெரும்பங்கு கடல் தாண்டிப் போய்விடும்.

விளம்பர வருவாயிலும் இதே கடல் குறுக்கே நிற்கிறது. யூடியூப்பில் விளம்பரக் காசு கிடைக்க ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது குறுங்காணொளிகள் 90 நாளில் ஒரு கோடி தடவை பார்க்கப்படவேண்டும். அதைத் தாண்டினாலும் ஒரு பார்வையின் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒருவர் பார்த்தால் கிடைப்பது, வாகரையில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதைவிட அதிகம். இந்தச் சின்ன விதி பாட்டின் பொருளையே மாற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. புலம்பெயர்ந்தவர் விரும்பிப் பார்ப்பது அவர் விட்டுப்போன ஊரை. ஆகவே பாட்டில் களப்பு வரும், தோணி வரும், கிடுகு வேலி வரும், அம்மம்மாவின் மடி வரும். இன்று இந்தக் களப்பில் வலை வீசுகிறவரின் கடன், வெளிநாட்டு வேலைக்குப் போன தாயின் பிள்ளை, மின்கட்டணம், பரீட்சைப் பயம் ஆகியவை வருவது குறைவு. ஊரைப் பற்றிய பாட்டு பெருகுகிறது. ஊரில் இருப்பவருக்கான பாட்டு பெருகவில்லை.

பாட்டு உலகமே கேட்கும்படி ஓடினாலும் காசு படைத்தவரிடம் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு 2021 மார்ச்சில் வந்தது. பாடலாசிரியர் அறிவு எழுதிய வரிகள் அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பிறந்தவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்த தலைமுறையின் கதை அது. கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெயர்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒப்பந்தம் என்ற தாளையே பார்த்திராத ஒரு கிராமத்துப் பாடகர் எங்கே போய்க் கேட்பார்? இந்தியா 2012 இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைப் பணத்தை உறுதிசெய்தது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும்கூட ஒரு பாதுகாப்பை எழுதிவைத்திருக்கிறது. எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க ஆளில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் இன்னொரு விதி: 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பதிவுக்கு ஒலிப்பதிவு உரிமைப் பணம் கிடையாது, அந்தப் பணம் ஆயிரத்தைத் தாண்டிய பதிவுகளுக்குப் பகிரப்படும். நிறுவனம் சொல்லும் நியாயத்தையும் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட பதிவுகளுக்குச் சேரும் தொகை மிகச் சிறியது, வங்கிக் கட்டணத்துக்குள்ளேயே கரைந்து படைப்பாளியை எட்டாமல் போகிறது, போலிப் பதிவுகளை ஏற்றிக் காசு பறிப்பவர்களையும் தடுக்கவேண்டும் என்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கில் பாடும் குளுத்திப் பாட்டை ஒருவர் நன்றாகப் பதிந்து ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 300 பேர் அந்தப் பருவத்தில் ஆளுக்கு மூன்று தடவை கேட்கிறார்கள். மொத்தம் 900. ஊர் முழுவதும் கேட்ட பாட்டு அது, ஆனால் தொழிலின் கணக்கில் கேட்கப்படாத பாட்டு. ஊரில் இல்லாத ஒருவர் வேறெங்கோ கேட்டாலன்றி அது ஆயிரத்தை எட்டாது.

குளுத்திப் பாட்டின் மதிப்பு அதை வருடம் முழுவதும் கேட்காமல் இருப்பதிலும் இருக்கிறது. சடங்கின் நிறைவில் அந்தப் பாட்டு எழுந்தால் மயிர்க்கூச்செறிவது, பதினொரு மாதம் அதைக் கேளாத காதுக்குத்தான். எப்போதும் எல்லாம் கிடைக்கும் என்பது ஸ்ட்ரீமிங்கின் பெருமை. பருவத்தோடு பிறந்த பாட்டுக்கு அதுவே பகை. நீளத்திலும் இதே மோதல். வடமோடிக் கூத்தில் ஓர் அரசன் களரிக்கு வருவதற்கே வரவுத் தருவும் ஆட்டமுமாக நெடுநேரம் செல்லும். பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் கூத்தின் இந்தக் கட்டமைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 30 வினாடிக்குள் பிடித்துப் போடவேண்டும் என்று சினிமாப் பாட்டு இன்று முன்னிசையைச் சுருக்கி, பல்லவியைத் தலைவாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. கூத்தால் அப்படி முடியாது. முடிந்தால் அது கூத்தாக இராது. டிக்டொக்கில் வரும் பதினைந்து வினாடிக் கூத்துத் துண்டில் ஆட்டம் மட்டும் தெரிகிறது, கதை தெரிவதில்லை. அதைப் பார்த்துவிட்டுக் களரிக்கு வரும் இளைஞரும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. துண்டைப் பார்த்ததே கூத்தைப் பார்த்ததாகிவிட்டவர்கள் அவர்களைவிட அதிகம் என்பதே என் கவலை.

எல்லா இழப்பையும் ஃபோனின் தலையில் கட்டுவது தவறு. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு, யூடியூப் வந்ததால் ஓயவில்லை. உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி வலையை இழுக்கத் தொடங்கியதும் பத்து இருபது பேர் ஒரே மூச்சில் இழுக்கும் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் பாட்டு வாய்க்குள் அடங்கிவிட்டது. உடம்பு நோகும் வேலையை இயந்திரம் செய்வது நல்லதே, பாட்டுக்காக மீனவரை மறுபடி இழுக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இந்த வகைப் பாட்டுக்குப் பதிவு ஒன்றுதான் எஞ்சியிருக்கும் வழி. அங்கே கைத்தொலைபேசி எதிரியன்று, கடைசித் துணை.

பதிவு என்றதும் இந்த மண்ணோடு தொடர்புள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பனிச்சங்கேணி உட்பட வாகரைப் பகுதிக் கிராமங்களில் கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன. பேசுவது தமிழ். சடங்கில் பழைய வேடர் சொற்கள் கலந்த பாட்டு எழும். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடர்களிடையே ஆய்வு செய்தபோது மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிந்தார்கள். 1911 இல் வந்த அவர்களுடைய நூல் கரையோர வேடரைப் பற்றியும் பேசுகிறது. இசை பற்றிய அத்தியாயத்தைச் சார்ல்ஸ் மயர்ஸ் எழுதினார். அதே காலத்தில் பெர்லினில், பின்னாளில் உளவியலில் பெரும்பெயர் பெற்ற மக்ஸ் வேர்தைமர், வேடர் பாட்டுப் பதிவுகளைக் கேட்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார். சில உருளைகளை ஒரு சிலர் திரும்பத் திரும்பக் கவனமாகக் கேட்டதால் அந்த இசை நூறாண்டு கடந்தும் அறிவுலகில் இருக்கிறது. ஆயிரம் தடவை அரைக்காதால் கேட்பதற்கும், பத்துத் தடவை முழுக்காதால் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அந்தக் கதையின் மறுபக்கமும் உண்டு. பாடிய காட்டுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு அந்த ஒலி எளிதில் எட்டவில்லை. வெளியார் கேட்டுப் போற்றுவதாலேயே பாட்டு அதன் வீட்டில் வாழ்ந்துவிடாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், உலக அளவில் ஒரு வழி பேசப்படுகிறது. இப்போது எல்லாச் சந்தாவையும் ஒரே குவியலில் போட்டு, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதமோ அப்படிப் பிரிக்கிறார்கள். இதனால் வீட்டிலிருந்து ஒரு பாடகியை மட்டும் மாதம் முழுவதும் கேட்கும் ஒருவரின் சந்தாவில் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத நட்சத்திரங்களுக்குப் போகிறது. ஒவ்வொருவரின் சந்தாவையும் அவரவர் கேட்டவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் முறையைச் சவுண்ட்கிளவுட் 2021 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியாயமான முறை. சிறு மொழிகளுக்கும் சிறு ஊர்களுக்கும் பொருந்தும் முறை. ஆனால் பனிச்சங்கேணிக்கு அது பாதி மருந்துதான். இங்கே சந்தா கட்டுபவர் இல்லை. இங்கிருந்து போகும் காசு டேட்டாப் பொதியின் விலையாகத் தொலைபேசி நிறுவனத்துக்குப் போகிறது. யூடியூப் பொதி, டிக்டொக் பொதி என்று பாட்டின் பெயரால் விற்றுச் சம்பாதிப்பவர்கள் பாட்டுக்கு என்ன தருகிறார்கள் என்ற கேள்வியை இலங்கையில் இன்னும் உரத்துக் கேட்கவில்லை. கேட்கவேண்டும். சிங்களக் கிராமியப் பாடகருக்கும் இதே கேள்வி உண்டு, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் மக்களின் களிகம்புக்கும் றபானுக்கும் உண்டு. சேர்ந்து கேட்டால் கேட்கும்.

அரசு வானொலி செய்யக்கூடியதும் இருக்கிறது. கிழக்கின் பதிவுகளுக்கு வாரத்தில் ஒரு மணிநேரம், ஒலிபரப்பிய ஒவ்வொரு தடவைக்கும் பணம், பாட்டோடு ஊரின் பெயரும் பாடியவரின் பெயரும். நேயர் விருப்பத்தில் இருந்த நல்லதை எடுத்து, அன்று விடுபட்ட ஊர்க்குரலை அதோடு சேர்ப்பதுதான் இது. ஒலிநாடாவில் தங்கிய மெல்லிசைப் பாடல்களும் பொதுமக்கள் கேட்கும் நிலைக்கு வரவேண்டும். அவை பொதுப்பணத்தில் உருவானவை.

எல்லாவற்றிலும் அவசரமானது மிகச் சாதாரணமான ஒரு வேலை. யூடியூப்பில் இருக்கும் எங்கள் கூத்துப் பதிவுகளில் எத்தனைக்கு ஒழுங்கான விபரம் இருக்கிறது? 'எங்கட ஊர்க் கூத்து பாகம் 3' என்று போட்டிருப்பார்கள். எந்தக் கூத்து, வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் யார், மத்தளம் யார், பிற்பாட்டு யார், எந்த ஊர்க் களரி, எந்த ஆண்டு என்று ஒன்றும் இராது. விபரமில்லாததை இயந்திரம் தேடித் தராது. பெயரில்லாதவருக்காக எந்தச் சட்டத்தின் கீழும் உரிமை கேட்க முடியாது. நாளை ஒரு சினிமா இசையமைப்பாளர் அந்தத் தருவை எடுத்துப் பயன்படுத்தினால், இது எங்கள் அண்ணாவியாருடையது என்று காட்ட அந்தப் பதிவே சான்றாகவேண்டும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பழந்தமிழ் யாழின் சுரங்களைக் கணித்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம். அதன் மாணவர் ஒவ்வொருவரும் தன் ஊரின் பதிவுகளுக்கு விபரம் எழுதிச் சேர்ப்பதைப் படிப்பின் ஒரு பகுதியாக வைக்கலாம். எதைப் பொதுவில் ஏற்றுவது, எதைச் சடங்குக்குள் மட்டும் வைத்துக்கொள்வது என்பதை முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்கவேண்டும்; கரையோர வேடர் குடும்பங்களின் பாட்டு என்றால் அவர்களுடைய சம்மதமே முதலும் முடிவும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழாச் செலவில் பொக்ஸுக்கும் டீ.ஜே.க்கும் வெளியூர் இசைக்கோஷ்டிக்கும் ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கட்டும், இளைஞர் ஆடட்டும். அதே பட்டியலில் ஊர் அண்ணாவியாருக்கும் ஊர்ப் பாடகிக்கும் ஓர் இரவும் அதற்குரிய சம்பளமும் எழுதப்படவேண்டும். அந்த இரவைப் பதிந்து, பெயர்களோடு ஏற்றி, வரும் விளம்பரக் காசு யாருக்கு எவ்வளவு என்று மேடையேறும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டால், இந்தப் பகுதியில் முதன்முதலாக ஒரு பாடகரின் கையில் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கும்.